வயிற்றில் பிள்ளை, பக்கத்தில் கட்டி



தளேகாவிலும் அடுத்த ஊரான தேஹு ரோட்டிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டாளத்து டிப்போ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கே வளர்ந்திருக்கிறார்கள். சாக்கண் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வந்தவர்களும் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். ஆஸ்பத்திரியில் கேட்பது மராத்தி.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மருமகளுக்கு மூன்றாம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போகிறாள். திரையைப் பார்த்த டாக்டர், "பாள் சாங்கலா ஆஹே" என்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறது என்று பொருள். அது அவளுக்குப் புரிகிறது. அடுத்து "காட்" என்று ஒரு சொல் வருகிறது. காட் என்றால் மராத்தியில் முடிச்சு. கட்டியையும் அப்படித்தான் சொல்வார்கள். "சினைப்பையில் ஒரு கட்டி தெரிகிறது. பயப்பட வேண்டாம். நான்கு வாரம் கழித்து மறுபடி வாருங்கள்" என்பதுதான் டாக்டர் சொன்னது. அவள் காதில் நின்றது கட்டி என்ற ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வந்து சொல்கிறாள்.

"கட்டியா? ஐயோ, புத்துநோயா இருந்துட்டா என்னம்மா பண்றது? புள்ள அப்புறம் பொறக்கட்டும். கலைச்சிட்டு மொதல்ல கட்டிய எடுத்துடலாம்" என்கிறார் மாமியார்.

"நீங்க வேற அக்கா! குடல் ஏறியிருக்கும். எண்ணெய் போட்டு வயித்த வழிச்சுவிட்டாச் சரியாயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரி.

"ஏழாம் மாசம் ஊருக்குப் போறியே, அங்க பாத்துக்கலாம்" என்கிறான் கணவன்.

மூன்று பேரும் அவள் மேல் அன்பு உள்ளவர்கள்தான். மூன்று பேர் சொன்னதும் தவறு. ஏன் தவறு என்று பார்ப்போம்.

கர்ப்பப்பையின் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. புத்தகங்களில் சூலகம் என்றும் எழுதுவார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நெல்லிக்காய் அளவு. மாதம் ஒரு முட்டை இங்கிருந்து வெளியே வருகிறது. கர்ப்பப்பையில் நீர்க்கட்டி என்று பலர் சொல்வது, பெரும்பாலும் சினைப்பையில் இருப்பதைத்தான்.

முட்டை வெளியே போன இடத்தில் ஒரு சிறு மஞ்சள் உருண்டை உண்டாகிறது. பெண் கர்ப்பமானால் இந்த உருண்டைக்குப் பெரிய வேலை வந்துவிடும். கருவைக் காக்கும் ஹார்மோன் என்ற சுரப்பு நீரை முதல் இரண்டு மூன்று மாதம் இதுதான் தருகிறது. பிறகு நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. வேலை முடிந்த உருண்டை சுருங்கிவிடுகிறது. சில பெண்களுக்கு இந்த உருண்டைக்குள் நீர் சேர்ந்து எலுமிச்சம்பழம் போல ஆகும். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி என்று தெரிவது பெரும்பாலும் இதுதான். அது பகை அல்ல. அந்தப் பிள்ளைக்கு முதல் தாதி. நான்கு மாதம் நிறையும் முன் அது பெரும்பாலும் தானாக மறைந்துவிடும்.

மாமியார் சொன்னது ஏன் தவறு என்று இப்போது தெரிகிறது. தானே மறையப் போகும் ஒன்றுக்குப் பயந்து ஒரு பிள்ளையை இழப்பார்களா?

மறையாத கட்டிகளும் உண்டு. டெர்மாய்டு என்று ஒரு கட்டி. அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும். சில நேரம் பல்கூட இருக்கும். கேட்டால் பேய்க் கதை போலத் தோன்றும். செய்வினை என்று பணம் பிடுங்க இது போதும். உண்மையில், உடம்பின் எந்தப் பாகமாகவும் வளரக்கூடிய முட்டை அணுவிலிருந்து அந்தக் கட்டி உண்டாகிறது. அதனால்தான் முடியும் பல்லும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. நீர் நிறைந்த கட்டி, கோழை போன்ற திரவம் நிறைந்த கட்டி, பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி என்று வேறு வகைகளும் இருக்கின்றன.

கட்டியா பிள்ளையா என்றே தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி என்ற மாநிலம். அங்கே ஒரு கிராமத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற அம்மாள் இருந்தார். வயது 45க்கு மேல். 1809ஆம் ஆண்டு அவருடைய வயிறு பெருத்துக்கொண்டே போனது. கர்ப்பம் என்றார்கள். இரட்டைப் பிள்ளை என்றார்கள். நாள் கடந்தும் பிரசவம் ஆகவில்லை. டிசம்பர் மாதம் எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவரை அழைத்தார்கள். அவர் 60 மைல் குதிரையில் வந்து சோதித்தார். "இது பிள்ளை அல்ல. சினைப்பைக் கட்டி" என்றார்.

அதுவரை வயிற்றைத் திறந்து அப்படி ஒரு கட்டியை எடுத்துப் பிழைக்க வைத்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை. மெக்டவல் இதை அந்த அம்மாளிடம் மறைக்கவில்லை. "என் ஊருக்கு வந்தால் செய்து பார்க்கிறேன்" என்றார். அம்மாள் சம்மதித்தார். பெருத்த வயிற்றைச் சேணத்தின் மேல் தாங்கிக்கொண்டு, குளிர்காலத்தில் 60 மைல் குதிரையில் போனார். 1809 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். மயக்க மருந்து இல்லை. அது வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. அவர் வேதாகமச் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தார். சுமார் 25 நிமிடத்தில் வேலை முடிந்தது. எடுத்த கட்டியின் எடை ஏறக்குறைய 10 கிலோ. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார்! மாதம் முடியும் முன்பே வீடு திரும்பினார். அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து 1842இல் இறந்தார். மெக்டவலின் பெயர் மருத்துவப் புத்தகங்களில் பெரிதாக நிற்கிறது. நிற்கட்டும். அறுவை மேசையில் படுத்தவர் ஜேன் அம்மாள்.

உள்ளே இருப்பது என்ன என்று அறுக்காமலே பார்க்கும் வழி 150 ஆண்டுகள் கழித்து வந்தது. வந்த வழி, தொழிற்சாலை வேலை தெரிந்த குடும்பங்களுக்கு எளிதில் புரியும். பாய்லர் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. காதுக்குக் கேட்காத ஒலியை அது உள்ளே அனுப்பும். விரிசலில் பட்டு ஒலி திரும்பி வரும். ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகரத்தில் ஐயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். இரும்புக்குள் பார்க்கும் கருவி வயிற்றுக்குள் பார்க்காதா என்று அவர் நினைத்தார். 1955இல், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் வைத்துப் பாய்லர் செய்யும் தொழிற்சாலைக்கே கொண்டுபோனார். நீர்க்கட்டி ஒரு விதமாகவும், கெட்டிக் கட்டி வேறு விதமாகவும் ஒலியைத் திருப்பின. அவருக்கு விடை கிடைத்துவிட்டது.

பிறகு ஒரு பெண் அவரிடம் வந்தார். இரைப்பைப் புற்றுநோய், அறுத்தும் பயனில்லை என்று மற்ற மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். டொனால்டு தம் கருவியை வைத்துப் பார்த்தார். பெரிய நீர்க்கட்டி தெரிந்தது. திறந்தார்கள். சினைப்பைக் கட்டி. எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தார். 1958இல் டொனால்டும் உடன் உழைத்தவர்களும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்கேனை உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான். பிள்ளை பார்க்கும் கருவி என்று நாம் சொல்லும் கருவிக்கு முதல் பெயர் வாங்கித் தந்தது சினைப்பைக் கட்டி.

ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஒலி மட்டும்தான். அதனால் கட்டியைப் பார்க்க இரண்டு மூன்று தடவை எடுத்தாலும் பிள்ளைக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். அதே கருவியை வைத்து ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் குற்றம். மராட்டிய மாநிலம் 1988இலேயே அதற்குச் சட்டம் போட்டது. நாடு முழுவதற்கும் 1994இல் சட்டம் வந்தது. சொல்வதும் குற்றம். கேட்பதும் குற்றம். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன. கட்டி எந்தப் பக்கம்? எத்தனை சென்டிமீட்டர்? உள்ளே நீரா, கெட்டியா? மறுபடி எப்போது வர வேண்டும்?

புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. ஸ்கேன் ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். தேதி இருக்கும். கட்டியின் நீளம், அகலம் இருக்கும். போன மாதம் 5, இந்த மாதம் 3 என்றால் கட்டி சுருங்குகிறது. போன மாதம் 5, இந்த மாதம் 8 என்றால் வளர்கிறது. இதை அறிய ஆங்கிலம் வேண்டாம். ஒரு தாயே தன் ரிப்போர்ட்டில் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

5 சென்டிமீட்டருக்குக் குறைவாக, மெல்லிய சுவரோடு, உள்ளே நீர் மட்டும் இருந்தால் டாக்டர் காத்திருக்கச் சொல்வார். 10 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, உள்ளே கெட்டியான பகுதி இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ அவர் கவனம் வேறு விதமாக இருக்கும். இடையில் உள்ளவற்றை ஸ்கேனில் பார்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். ஸ்கேனில் தெளிவாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பதுண்டு. அதிலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது. சி.ஏ. 125 என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் நோய் ஒன்றும் இல்லாமலே அந்த எண் கூடிவிடும். அந்த ஓர் எண்ணைப் பார்த்துப் புற்றுநோய் என்று அழுது புரள வேண்டாம். டாக்டரே அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்.

காத்திருக்கலாம் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குழந்தைத் தூளியைப் பிள்ளைகள் விளையாட்டாகச் சுற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு முறுக்கிக்கொள்ளும். சினைப்பையும் ஒரு காம்பில் தொங்குகிறது. அந்தக் காம்பு வழியாகத்தான் அதற்கு இரத்தம் போகிறது. கட்டியின் கனத்தால் சினைப்பை சுழன்றுவிட்டால் காம்பு முறுக்கிக்கொள்ளும். இரத்தம் நின்றுபோகும். மூன்றாம் மாதத்துக்கு மேல் கர்ப்பப்பை இடுப்புக்குழியிலிருந்து மேலே எழுகிறது. அப்போது சினைப்பையும் கூடவே இடம் மாறுகிறது. ஆகவே மூன்றாம், நான்காம் மாதங்களில் முறுக்கு விழ வாய்ப்பு அதிகம். பிரசவம் ஆகிக் கர்ப்பப்பை சுருங்கும்போதும் இது நேரலாம்.

அடையாளம் என்ன? அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று கடுமையான வலி. கூடவே வாந்தி. சிலருக்கு வலி வந்து, விட்டு, மறுபடி வரும். மசக்கை வாந்திக்கு இப்படி ஒரு பக்கம் வெட்டி இழுக்கும் வலி இருக்காது. இந்த வலி வந்தால் அது நடுச்சாமமானாலும் 108க்குச் சொல்லிவிட வேண்டும். கஷாயம் வேண்டாம். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். எண்ணெய் போட்டு வயிற்றை வழிக்கவே கூடாது. அமுக்கினால் கட்டி உடையலாம். அதைவிடப் பெரிய கெடுதல், வழிக்கிற நேரத்தில் சினைப்பை செத்துக்கொண்டிருக்கும். உடனே போனால் டாக்டர்கள் முறுக்கைப் பிரித்துச் சினைப்பையைக் காப்பாற்ற முடியும். இந்த அறுவைக்கு மாதக் கணக்கு கிடையாது. எந்த மாதமானாலும் செய்தே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி சொன்னதன் ஆபத்து இதுதான். குடல் ஏற்றம் என்று பெயர் வைத்துவிட்டால், உண்மையான வியாதியைத் தேட யாரும் போக மாட்டார்கள்.

அவசரமில்லாத அறுவைக்கு நல்ல காலம் நான்காம், ஐந்தாம் மாதம். அதற்கு முன்பு செய்வதில்லை. ஏன் என்றால், முன்பு சொன்ன மஞ்சள் உருண்டை அப்போது கருவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தானாக மறைகிற கட்டி மறையவும் நேரம் கொடுக்க வேண்டும். அதற்குப் பின்பு போனால் கர்ப்பப்பை பெரிதாகிக் கை நுழைய இடமிருக்காது. குறைமாதத்தில் வலி எடுக்கும் பயமும் கூடும். சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைக்கவே முயல்வார்கள். ஒரு சினைப்பையை முழுதும் எடுக்க நேர்ந்தாலும் மற்றது வேலை செய்யும். ஆகவே, பிறகு பிள்ளை பிறக்காது என்று மருமகளை ஒதுக்கிவைக்கிற பேச்சுக்கு இடமில்லை.

புற்றுநோயே இல்லை என்று சொல்ல முடியாது. கர்ப்ப காலத்துச் சினைப்பைக் கட்டிகளில் மிகச் சிலவே புற்றுநோய். மறையாமல் நின்று, அறுத்து எடுக்க வேண்டி வந்தவற்றில்கூட நூறுக்கு ஒன்று முதல் ஐந்து ஆறு வரைதான். கர்ப்பிணிகள் இளவயதுப் பெண்கள். அவர்களுக்கு ஸ்கேனும் எடுக்கிறார்கள். அதனால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அப்போதும் பிள்ளையைக் கலைப்பது ஒன்றே வழி என்பதில்லை. கட்டியை எடுத்துவிட்டு, தேவையானால் முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு மருந்தும் ஏற்றி, பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய்மார்கள் உண்டு. இது பெரிய ஆஸ்பத்திரியில், புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை. தளேகாவில் 1995இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. புனே ஸ்டேஷனில் லோக்கல் ரயிலை விட்டு இறங்கினால் நடக்கிற தூரத்தில் சாசூன் அரசு ஆஸ்பத்திரி. 1867லிருந்து இருப்பது. ஏழைக்கு அங்கே கதவு மூடுவதில்லை. கூட்டம் மட்டும் காலையிலேயே சேர்ந்துவிடும்.

பணத்துக்கு என்ன செய்வது என்பதுதான் பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து, பிரசவம், சிசேரியன் எல்லாம் இலவசம் என்று 2011இல் ஒரு திட்டம் வந்தது. ஜனனி சிசு சுரக்ஷா என்று பெயர். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை டாக்டரே பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆஷா ஊழியரைக் கேட்டால் எங்கே போவது என்று சொல்வார். தமிழ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ரிப்போர்ட்டை நீட்டினால் போதும்.

இனிக் கணவன் சொன்னதைப் பார்ப்போம். ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய்வீடு. அது நல்ல வழக்கம்தான். ஆனால் மூன்றாம் மாதத்தில் தெரிந்த கட்டிக்கு ஏழாம் மாதம்வரை காத்திருக்க முடியாது. நான்கு வாரத்தில் வரச் சொன்னால் நான்கு வாரத்தில் போக வேண்டும். ஏழாம் மாதத்தில் போய் நின்றால் அறுவைக்கு ஏற்ற காலம் போயிருக்கும். கர்ப்பப்பை பெரிதான பின் ஸ்கேனில் சினைப்பையும் தெளிவாகத் தெரியாது.

கட்டி மறையவில்லை, டாக்டரும் பிரசவம்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவள் ஊருக்குப் போகலாமா? போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். திருநெல்வேலியில் இருக்கும் டாக்டருக்குத் தளேகாவ் ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று எப்படித் தெரியும்? "ஏதோ கட்டி இருக்குன்னாங்க" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் சாதாரணப் பிரசவமே ஆகும். கட்டி பெரிதாக இருந்து, கர்ப்பப்பைக்குக் கீழே இறங்கி, பிள்ளை வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தால் சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும். அப்போதே கட்டியையும் எடுத்துவிடுவதுண்டு. இதை அந்த ஊர் டாக்டர் வலி எடுக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே வளைகாப்புப் பட்டுப்புடவை பெட்டிக்குள் போகட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் கைப்பையில் இருக்கட்டும். எல்லா ரிப்போர்ட்டும் வேண்டும், தேதி வரிசையில். தாய் சேய் அட்டை வேண்டும். தளேகாவ் டாக்டர் எழுதித் தந்த சீட்டு வேண்டும். ஒரு காகிதத்தில் அவளே தமிழில் எழுதிவைத்துக்கொள்ளலாம்: கட்டி வலது பக்கம், இத்தனை சென்டிமீட்டர், கடைசியாகப் பார்த்த தேதி இது. புனேயில் ரயில் ஏறினால் ஊர் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். வழியில் அந்த ஒரு பக்க வலி வந்தால், எந்த ஊர் ஸ்டேஷனானாலும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் காகிதங்களைக் காட்ட வேண்டும்.

பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோகும் நாளும் ஏறக்குறைய அதுதான். அன்றைக்கே தாயும் தன் ஸ்கேனை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.